மூளை இரத்தக் குழாய் வீக்கத்திற்குப் பிறகு: வீடு திரும்பியவருக்குக் குடும்பம் துணை நிற்பது எப்படி?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாள் மகிழ்ச்சியான நாள். ஆனால் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டுச் சிகிச்சை பெற்றவருக்கு, குணமடையும் காலம் பெரும்பாலும் அன்றுதான் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் என்ன நடக்கும், குடும்பத்தினர் என்ன செய்யலாம், எந்த உதவியை எங்கே கேட்கலாம் என்பதை இக்கையேடு விளக்குகிறது.

ஃபேரர் பார்க்கில் ஒரு வீடு

புரிந்துகொள்வதற்காக ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். இது தனியொரு குடும்பத்தின் கதையன்று. இத்தகைய நோய்க்குப் பிறகு பல வீடுகளில் நடப்பவற்றைச் சேர்த்துச் சொல்லும் உதாரணம்.

ஃபேரர் பார்க் அடுக்குமாடி வீடு ஒன்றில் 66 வயது அம்மாவும் 70 வயது அப்பாவும் வசிக்கிறார்கள். மகள் குடும்பத்துடன் வேறு வட்டாரத்தில் இருக்கிறார். ஒரு நாள் காலை, தேக்கா சந்தைக்குப் போய்வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, திடீரென்று கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். “என்னங்க, இடி விழுந்த மாதிரி தலை வலிக்குது” என்றார். “வெயில்ல போயிட்டு வந்தது, பித்தமா இருக்கும், கொஞ்சம் படு” என்று அப்பா கோடாலித் தைலத்தைத் தேடினார். அம்மா வாந்தி எடுத்தார். பயந்துபோன அப்பா மகளைத் தொலைபேசியில் அழைத்தார். மகள் சொன்னது ஒன்றுதான்: “அப்பா, உடனே 995-க்கு அடிங்க. நான் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.”

அந்த அழைப்பால்தான் அம்மா இன்று வீட்டில் இருக்கிறார். மருத்துவமனையிலும் சமூக மருத்துவமனையிலுமாகப் பல வாரங்கள் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அவரைப் பார்க்க வந்த அண்டை வீட்டார், “ஆளு நல்லாத்தான் இருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் அப்பாவுக்கு வேறொன்று தெரிகிறது. அம்மா காலை பத்து மணிக்கே களைத்துப் படுத்துவிடுகிறார். சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போடுகிறார். பேரப்பிள்ளை சத்தமாகச் சிரித்தால் காதைப் பொத்திக்கொண்டு திட்டுகிறார். பல ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாமல் மாலையில் விளக்கேற்றியவர், இப்போது இருட்டிய பிறகும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். இது சோம்பலா, கோபமா, மனம் விட்டுப்போய்விட்டதா என்று அப்பாவுக்குப் புரியவில்லை.

சோம்பலும் இல்லை, வேண்டுமென்று செய்வதும் இல்லை. காயப்பட்ட மூளை ஆறிக்கொண்டிருக்கிறது.

இந்த நோய் என்ன?

இரத்தக் குழாயின் சுவரில் ஓரிடம் பலவீனமடைந்து, சிறு பலூன்போல வெளியே புடைத்துக்கொள்வதையே வீக்கம் என்கிறோம். மருத்துவர்கள் இதை ‘அனியூரிசம்’ என்று குறிப்பிடுவார்கள். பெரியவர்களில் சுமார் 100 பேரில் 3 பேருக்கு மூளையில் இத்தகைய வீக்கம் இருக்கலாம் எனக் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. வேறு காரணத்திற்காக எடுக்கப்படும் ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவருவதும் உண்டு.

வீக்கம் வெடித்தால், மூளையைச் சுற்றியுள்ள இடத்தில் இரத்தம் பரவும். இது ஒருவகைப் பக்கவாதம், உயிருக்கு ஆபத்தானது. வெடித்த இடம் மீண்டும் கசியும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில் மிக அதிகம். அதனால்தான் “கொஞ்சம் படுத்துப் பார்ப்போம்” என்று காத்திருக்கக் கூடாது.

சிங்கப்பூரர்கள் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு

2016ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி, அப்போது நிதியமைச்சராக இருந்த திரு ஹெங் சுவீ கியட் அமைச்சரவைக் கூட்டத்தின்போது மயங்கி விழுந்தார். அங்கிருந்த, மருத்துவர்களான சக அமைச்சர்கள் உடனே உதவினார்கள். அவசர மருத்துவ வாகனம் அவரை டான் டோக் செங் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றது. மூளை இரத்தக் குழாய் வீக்கத்தால் பக்கவாதம் ஏற்பட்டது ஸ்கேனில் தெரிந்தது. மூளையில் ஏற்பட்ட அழுத்தத்தைக் குறைக்க முதலில் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு, இரத்தக் குழாய் வழியாகவே சென்று வீக்கத்தை அடைத்தார்கள்.

அவர் ஜூன் 25ஆம் தேதி வீடு திரும்பினார். ஆகஸ்ட் 22ஆம் தேதி பணிக்குத் திரும்பினார். அன்றே திரு லாரன்ஸ் வோங் இரண்டாம் நிதியமைச்சராகப் பொறுப்பேற்றார். 2017 பிப்ரவரியில் திரு ஹெங் வரவுசெலவுத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்தார்; 2019 மே மாதம் துணைப் பிரதமரானார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, உடனடி உதவி உயிரைக் காக்கும். இரண்டு, பணிக்குத் திரும்பும்போது சுமையைப் பகிர்ந்துகொள்ள ஒருவர் இருப்பது நல்லது. ஆனால் “அவர் மூன்று மாதத்தில் வேலைக்குப் போய்விட்டாரே, நீங்கள் ஏன் இன்னும் படுத்திருக்கிறீர்கள்?” என்று வீட்டில் இருப்பவரைக் கேட்காதீர்கள். இரத்தம் எந்த இடத்தில், எவ்வளவு கசிந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொருவரும் குணமடையும் விதமும் வேகமும் மாறுபடும்.

மருத்துவமனையில் என்ன செய்கிறார்கள்?

வீக்கம் மீண்டும் கசியாமல் அடைப்பதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன.

• மண்டை ஓட்டைத் திறந்து, வீக்கத்தின் கழுத்துப் பகுதியில் சிறிய உலோகக் கவ்வி ஒன்றைப் பொருத்துவது.
• தொடை இடுக்கு அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, வீக்கத்தின் உள்ளே நுண்ணிய உலோகச் சுருள்களை வைத்து நிரப்புவது.

எது பொருத்தம் என்பதை, வீக்கத்தின் இடத்தையும் வடிவத்தையும் பார்த்து மருத்துவர்கள் முடிவு செய்வார்கள்.

வீக்கத்தை அடைத்த பிறகும் நோயாளியை ஏன் இரண்டு வாரங்கள் வரை தீவிரக் கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள் என்று குடும்பத்தினர் கவலைப்படுவது வழக்கம். கசிந்த இரத்தத்தின் காரணமாக, சில நாள்கள் கழித்து மூளையின் மற்ற இரத்தக் குழாய்கள் சுருங்கக்கூடும். இதைத் தடுக்க உதவும் மருந்தை வழக்கமாக 21 நாள்கள் கொடுப்பார்கள். மூளையைச் சுற்றியுள்ள நீர் வடியாமல் தேங்கவும் கூடும். அதை வெளியேற்றச் சிலருக்குக் குழாய் வைக்க வேண்டியிருக்கும்.

வீடு திரும்பும் முன் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்:

• எந்த முறையில் வீக்கம் அடைக்கப்பட்டது? உடலில் வைக்கப்பட்ட பொருளின் விவரம் எழுதிய அட்டை உண்டா? (பிற்காலத்தில் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும்போது இது தேவைப்படும்.)
• எந்த மருந்தை எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?
• அடுத்த ஸ்கேன் எப்போது?
• குளிப்பது, தலைக்கு எண்ணெய் தேய்ப்பது, பாரம் தூக்குவது, விமானத்தில் ஊருக்குப் போவது, வாகனம் ஓட்டுவது ஆகியவற்றை எப்போது தொடங்கலாம்?

மருத்துவர் பேசும் மொழி உங்களுக்குப் புரியவில்லை என்றால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். தமிழில் விளக்க ஒருவரை ஏற்பாடு செய்ய முடியுமா என்று தாதியிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட எதுவுமில்லை.

வீட்டில் நீங்கள் காணக்கூடிய மாற்றங்கள்

களைப்பு. மிகப் பலருக்கு இருக்கும் தொல்லை இதுதான். தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. மற்றவர்களின் பேச்சைக் கவனிப்பதுகூட அவர்களுக்கு வேலைதான். ஒரு வேலை, பிறகு ஓய்வு, பிறகு இன்னொரு வேலை என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் வேறு எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மறதியும் கவனக் குறைவும். பழைய நினைவுகள் தெளிவாக இருக்கும். காலையில் மருந்து சாப்பிட்டோமா என்பது நினைவிருக்காது. கிழமை வாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டி, சுவரில் பெரிய நாள்காட்டி, எப்போதும் கையருகே ஒரு குறிப்பேடு ஆகியவை உதவும். சாவி, கண்ணாடி, கைப்பேசி மூன்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். “இப்பத்தானே சொன்னேன்!” என்ற சொல்லைத் தவிர்த்திடுங்கள். அது நினைவைக் கொண்டுவராது, மனத்தைத்தான் புண்படுத்தும்.

கோபமும் குண மாற்றமும். அமைதியானவர் எரிந்து விழலாம். கலகலப்பானவர் ஒதுங்கிப் போகலாம். எதையும் தானாகத் தொடங்க முடியாமல் உட்கார்ந்திருக்கலாம். உணர்ச்சியையும் திட்டமிடுதலையும் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி பாதிக்கப்பட்டால் இப்படி நடக்கும். கோபப்படும் நேரத்தில் வாதாட வேண்டாம். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, சற்று நேரம் அவரை அமைதியாக விடுங்கள்.

ஒலியும் ஒளியும் தாங்காமை. கூட்டமும் இரைச்சலும் சிலருக்குத் தலைவலியைக் கொடுக்கும். தீபாவளிச் சந்தை நெரிசலும், தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் புறப்படும்போது எழும் மேளச் சத்தமும் முதல் ஆண்டில் அவர்களுக்கு அதிகமாகிவிடலாம். கூட்டமில்லாத நாளில், காலை நேரத்தில் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். விரதம் இருக்க விரும்பினால், மாத்திரை நேரம் மாறுமா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

பேச்சு. சொல்ல நினைக்கும் சொல் வாயில் வராமல் தடுமாறலாம். பல மொழி பேசியவருக்கு ஒரு மொழி முன்னதாகவும் இன்னொன்று பின்னதாகவும் திரும்பலாம். வாழ்நாள் முழுவதும் தமிழ் பேசியவருக்குத் தமிழிலேயே பயிற்சி கொடுப்பது பயனுள்ளது. பேச்சுச் சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால், குடும்பத்தினர் ஒருவர் உடன் இருங்கள். வீட்டில் அன்றாடம் புழங்கும் இருபது சொற்களைப் படங்களுடன் எழுதி எடுத்துச் செல்லுங்கள்: தண்ணீர், சோறு, வலி, கழிவறை, விசிறி, பேரப்பிள்ளையின் பெயர். அதே படங்கள் தமிழ் தெரியாத இல்லப் பணிப்பெண்ணுக்கும் உதவும்.

வாசனை தெரியாமை. சிலருக்கு வாசனையும் ருசியும் குறைந்துவிடும். சாம்பாரில் உப்பு கூடுவதற்கு மறதி மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. இதில் ஆபத்தும் உண்டு: எரிவாயு கசிந்தாலும் அடுப்பில் கருகினாலும் அவருக்குத் தெரியாது. அவரைச் சமையலறையிலிருந்து ஒதுக்கி வைக்காதீர்கள். ஆனால் அடுப்பு எரியும்போது அருகில் ஒருவர் இருங்கள்.

மனச்சோர்வு. இரண்டு வாரங்களுக்கு மேல் துக்கமாகவே இருந்தாலும், உணவிலும் உறவிலும் நாட்டம் போனாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு. “எனக்கு வாழ வேண்டாம்” என்று சொன்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றே உதவி நாடுங்கள்.

எப்படிப் பேசுவது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கேளுங்கள். “குளிச்சீங்களா, மாத்திரை போட்டீங்களா, என்ன சாப்பிடுறீங்க?” என்று அடுக்கினால் எதற்கும் பதில் வராது. “அம்மா, இட்லியா தோசையா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பத்து வினாடி மௌனம் நமக்கு நீளமாகத் தோன்றும். அவருக்கு அது தேவைப்படும்.

பார்க்க வருபவர்கள் ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் வேண்டாம். அரை மணி நேரம் போதும். “டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்” என்று சொன்னால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பாதுகாப்பும் அன்றாடப் பழக்கமும்

• குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும் தேவை. வீவக வீடுகளில் இவற்றை மானிய விலையில் பொருத்த ‘ஈஸ்’ திட்டம் உள்ளது. குளிக்கும்போது கதவைத் தாழிட வேண்டாம்.
• இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே அளந்து எழுதி வையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்ற உப்பு மிகுந்த உணவுகளைக் குறைத்திடுங்கள்.
• புகைபிடித்தலை முற்றிலும் நிறுத்த வேண்டும். புகையும் உயர் இரத்த அழுத்தமும் வீக்கம் வெடிப்பதற்கான முக்கியக் காரணங்கள்.
• நாட்டு மருந்து, மூலிகை மாத்திரை எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். சில மூலிகைகள் இரத்தம் உறைவதைத் தடுக்கக்கூடும்.
• தையல் ஆறும் வரை தலையில் எண்ணெயோ தைலமோ தடவ வேண்டாம்.

இவற்றைக் கண்டால் உடனே 995-ஐ அழைத்திடுங்கள்

• திடீரென்று, இதுவரை அனுபவித்திராத கடும் தலைவலி
• தலைவலியுடன் வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை
• வலிப்பு அல்லது மயக்கம்
• எழுப்பினாலும் எழ முடியாத தூக்கக் கலக்கம்
• முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல்
• ஓர் இமை தொங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல்

அவசர மருத்துவ வாகனம் வரும் வரை தண்ணீரோ காப்பியோ வலி மாத்திரையோ கொடுக்காதீர்கள். மயக்கமாக இருந்து மூச்சு சீராக வந்தால், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லை என்றால் 995 பணியாளர் தொலைபேசியில் சொல்வதைச் செய்யுங்கள். வீட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். அடையாள அட்டையையும் மருந்துப் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடை மெல்ல மெல்லத் தடுமாறுவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது, மறதி கூடிக்கொண்டே வருவது ஆகியவை மூளையில் நீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலோ, தையலில் நீர்க் கசிவோ இருந்தாலும் அன்றே காட்டுங்கள்.

பிள்ளைகளுக்கும் வருமா?

குடும்பத்தில் ஒருவருக்கு வந்ததால் எல்லாருக்கும் வரும் என்பதில்லை. ஆனால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ இந்த வீக்கம் இருந்தால், மற்றவர்கள் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். வழக்கமாகச் செல்லும் குடும்ப மருத்துவரிடமோ, சிராங்கூன் சாலையிலுள்ள காலாங் பலதுறை மருந்தகம் போன்ற அருகிலுள்ள பலதுறை மருந்தகத்திலோ கேட்கலாம்.

செலவும் பத்திரங்களும்

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி உண்டு. மெடிசேவ் சேமிப்பையும் பயன்படுத்தலாம். மீதிக் கட்டணம் சுமையாக இருந்தால், மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைப் பாருங்கள். வீட்டுக்கு அனுப்பும் நாள் வரை காத்திருக்காமல் முன்னதாகவே பேசுவது நல்லது.

குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறைக்குச் செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றைத் தாமாகச் செய்ய முடியாதவர், கேர்ஷீல்டு லைஃப் அல்லது எல்டர்ஷீல்டு காப்புறுதி இருந்தால் மாதந்தோறும் பணம் பெற விண்ணப்பிக்கலாம். பராமரிப்பாளருக்கான மானியங்களும் பயிற்சிகளும் உள்ளன.

இன்னொன்றையும் தள்ளிப்போடாதீர்கள். ‘எல்பிஏ’ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரத்தை, சுயமாக முடிவெடுக்கும் ஆற்றல் இருக்கும்போதுதான் செய்ய முடியும். அது இல்லாமல் ஒருவர் அந்த ஆற்றலை இழந்துவிட்டால், அவர் சார்பில் முடிவெடுக்கக் குடும்பத்தினர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கலாம். இது நோயாளிக்கு மட்டுமன்று. இந்தக் கையேட்டை வாசிக்கும் உங்களுக்கும் பொருந்தும்.

பராமரிப்பவரையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்

நாம் பார்த்த குடும்பத்தில் 70 வயது அப்பாதான் இப்போது சமைக்கிறார், துவைக்கிறார், இரவில் விழித்திருக்கிறார். தம்முடைய இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு வாரமாக வாங்க மறந்துவிட்டார். “எனக்கு ஒண்ணுமில்லம்மா” என்று மகளிடம் சொல்கிறார். அவரைப் போன்றவர்கள் பலர்.

தூக்கம் கெடுவது, எரிச்சல், தனியாக அழுவது ஆகியவை நீங்கள் களைத்துவிட்டதன் அறிகுறிகள். பிள்ளைகளிடம் பொதுவாக “உதவி செய்யுங்க” என்று சொல்வதைவிட, “செவ்வாய்க்கிழமை நீ வந்து அம்மாகூட இரு, நான் வெளியே போய்ட்டு வரேன்” என்று நாளையும் வேலையையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். அருகிலுள்ள துடிப்பான மூப்படைதல் நிலையத்திற்குச் செல்லுங்கள். பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களையும் தற்காலிக ஓய்வுப் பராமரிப்புச் சேவைகளையும் பற்றி விசாரியுங்கள். துணைக்கு ஆள் தேடுவதால் பாசம் குறைந்துவிடாது.

எவ்வளவு காலம் ஆகும்?

முதல் ஆறு மாதங்களில் பொதுவாக முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகும் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டுகள் வரை மெதுவாகத் தொடரலாம். சில மாற்றங்கள் நிலைத்துவிடவும் கூடும். நேற்று முடிந்தது இன்று முடியாமல் போகும் நாள்களும் வரும். ஆகவே நேற்றோடு ஒப்பிடாமல், போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த வீட்டில் மகள், சாமி அலமாரியில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டினார்: “மாலை 6 மணி, விளக்கு.” ஆறு மணி ஆனதும் அப்பா, “மணி ஆறாச்சு” என்று மட்டும் சொல்வார். முதல் சில வாரங்கள் அவரே திரியும் போட்டு ஏற்றினார். நான்காம் மாதம் ஒரு நாள் அவர் வாய் திறப்பதற்குள், அம்மா எழுந்து தீப்பெட்டியைத் தேடினார். சாம்பாரில் இன்னும் சில நாள் உப்பு கூடுகிறது. அப்பா முதலில் ருசி பார்த்துவிட்டு இலையில் ஊற்றுகிறார்.

உதவி எண்கள்

அவசர மருத்துவ வாகனம்: 995
ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு (பராமரிப்புச் சேவைகள், மானியங்கள்): 1800 650 6060
தேசிய மனநல உதவி எண்: 1771
எஸ்ஓஎஸ் (மனத்துயரில் பேச, 24 மணி நேரமும்): 1767
புகைபிடிப்பதை நிறுத்த உதவி: 1800 438 2000

இந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். இக்கையேடு பொதுவான தகவலுக்காக மட்டுமே. உங்கள் குடும்பத்தினரின் நிலை குறித்து அவருடைய மருத்துவரிடம் கலந்து பேசுங்கள்.